சில்லுக்குள் வார்த்த வள்ளத்து எண்ணெய்

பேசாலையில் யாகப்பரைக் கேலி செய்யாத வாய் குறைவு. கடலுக்குப் போய்வந்த ஆண்பிள்ளை பொழுதுபடும் நேரத்தில் கள்ளுக்கொட்டிலுக்குப் போவான், இல்லாவிட்டால் கரையில் காற்று வாங்குவான். யாகப்பரோ கிணற்றடியில் குந்தியிருந்து பெண்சாதியின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். "பிள்ளையைக் குளிப்பாட்டுறார்" என்று வேலிக்கு அப்பால் ஒருவர் தொடங்க, "பவுடர் போட மறந்துபோடாதேங்கோ" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். யாகப்பர் தலை நிமிராமல் சிரிப்பார். சிரித்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அந்தச் சைக்கிளில் வந்திறங்கியவரின் கையில்தான் பிறந்தார்கள். அதைச் சொல்லிக் காட்ட யாகப்பருக்கு வாய் வராது. எனக்கு வரும், அதனால் எழுதுகிறேன்.

அவருடைய மனைவி பிரான்சிஸ்கா கொழும்பில் படித்துவிட்டு, அரசாங்க மருத்துவிச்சியாகச் சொந்த ஊருக்கே வந்தவர். வேலையோடு ஒரு சைக்கிளும் வந்தது. கறுப்பு நிறம், வளைந்த நடுக்கம்பி, பின்னால் மருந்துப் பை வைக்க ஒரு தட்டு. பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதைப் பார்க்க முதல் கிழமை ஊரே வேலியோரம் நின்றது. இரண்டாம் கிழமை அலுத்துவிட்டது. மூன்றாம் கிழமையிலிருந்து, வலி வந்த வீடுகள் அந்த மணிச் சத்தம் எப்போது கேட்கும் என்று காத்திருக்கத் தொடங்கின.

மன்னார்த் தீவில் இரும்பு வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். காற்று சும்மா வருவதில்லை, உப்பையும் மணலையும் சேர்த்து அள்ளிக்கொண்டுதான் வரும். புதுக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு மறந்தால் அடுத்த கிழமை அது கறள் பிடித்துக் கிடக்கும். சைக்கிள் வந்த ஆண்டில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அடங்குவதற்குள் சில்லுக் கம்பிகள் சிவந்துவிட்டன. செயினின் மூட்டுகள் மடங்க மறுத்தன. இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் சைக்கிள் பழைய இரும்பாகிவிடும் என்று யாகப்பருக்கு விளங்கியது. அன்றிலிருந்து அது அவருடைய வேலையாயிற்று. பிரான்சிஸ்கா கேட்கவில்லை, அவரும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை.

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பைத் துடைப்பார். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் உப்பு உள்ளே இருந்துகொண்டு தின்னும் என்பதை ஒரு சோடிக் கம்பியைப் பலிகொடுத்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். பிறகு உலர்ந்த துணி. அதற்குப் பிறகுதான் மன்னார்க் கடைத்தெருவில் அபூசாலியின் கடையிலிருந்து வாங்கிய மெஷின் எண்ணெய். செயினின் மூட்டுக்கு ஒரு துளி, சில்லின் நடுக்குடத்துத் துவாரத்துக்கு இரண்டு துளி. ஊறிய பின் வெளியில் கசிந்ததைத் துடைத்துவிடுவார், இல்லையென்றால் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உலகச் சண்டை வந்ததும் அந்த எண்ணெய் நின்றுபோனது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு அரிசியே கூப்பனுக்குத்தான், சைக்கிள் எண்ணெயை யார் கப்பலில் ஏற்றப்போகிறார்கள்? அபூசாலி கையை விரித்தார். யாகப்பர் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தார். அது புழுதியோடு சேர்ந்து கறுப்புக் களியாகியது. அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் பிறந்தபோது சைக்கிள் நாய்க்குட்டி போல முனகிக்கொண்டு ஓடியது.

"இஞ்சேருங்கோ, இந்தச் சில்லு ஒருநாள் வழியில நிண்டிடும் போல கிடக்குது" என்றார் பிரான்சிஸ்கா. "எருக்கலம்பிட்டிப் பாதையில நிண்டா நான் என்ன செய்யிற? அங்க சரீபாவுக்கு இது மாசம்."

எருக்கலம்பிட்டி முஸ்லிம்களின் ஊர். பேசாலையிலிருந்து மன்னார்ப் பக்கமாக நல்ல தூரம். அங்கே உம்மு குல்சூம் என்ற மூதாட்டியின் கைதான் எல்லாப் பிள்ளைகளையும் ஏந்திய கை. அரசாங்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ வேதக்காரப் பெண் வருகிறாள் என்றபோது முதலில் கதவுகள் திறக்கவில்லை. பிரான்சிஸ்கா போட்டிக்குப் போகவில்லை. உம்மு குல்சூமின் பக்கத்தில் உட்கார்ந்து சுடுதண்ணீர் எடுத்துக் கொடுத்தே அந்த வீடுகளுக்குள் போனார். அவருடைய பையில் பிள்ளை பிறந்த பிறகு பெருகும் இரத்தத்தை நிறுத்தும் மருந்து இருந்தது. அந்த மருந்தைக் கண்ட பிறகு உம்மு குல்சூமே ஆள் அனுப்பத் தொடங்கினார். சரீபாவின் முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அப்போது இரத்தம் மிகவும் போயிருந்தது. இந்த முறை வலி தொடங்கிய உடனே சொல்லியனுப்ப வேண்டும் என்று சரீபாவின் கணவர் சனூனிடம் பிரான்சிஸ்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமை வந்தது. பேசாலையில் அந்தக் கிழமை கடலுக்குப் போகிற வழக்கமில்லை. வள்ளங்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்து எண்ணெய் பூசுவார்கள். சுறா எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, சூட்டோடு சூடாகப் பலகையிலும் பொருத்துகளிலும் தேய்ப்பார்கள். ஆறியதும் அது தோல் போல இறுகிவிடும். பிறகு கடல்நீர் உள்ளே வராது. புதன்கிழமைக்குள் பூசி முடித்துவிட வேண்டும், வியாழன் தொடக்கம் யாரும் வேலை தொடுவதில்லை.

புதன் பின்னேரம் தன் வள்ளத்துக்குப் பூசி முடித்த யாகப்பரின் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் மீந்தது. அவர் சைக்கிளைப் பார்த்தார். கடலையே உள்ளே விடாத எண்ணெய் உப்புக் காற்றை விடுமா? கடலோடு பிறந்து வளர்ந்த மனிதனுக்கு இதைவிட நேரான யோசனை வராது. சைக்கிளின் கம்பிகள், மட்காட்டின் அடிப்புறம், சட்டம் எல்லாவற்றுக்கும் துணியால் தடவினார். அது சரியான வேலைதான், இன்றைக்கும் அதில் பிழை சொல்ல மாட்டேன். அதோடு நிற்கவில்லை. மீதியைச் சூடாக்கிச் செயினிலும், நடுக்குடத்திலும், பின் சில்லின் பிரீவீலுக்குள்ளும் வார்த்தார். சூட்டில் எண்ணெய் தண்ணீராக ஓடியது. சில்லைச் சுழற்றினார், முனகல் போன இடம் தெரியவில்லை. பிரான்சிஸ்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரான்சிஸ்கா சிரித்துவிட்டு, "இனிப் பயமில்லை" என்றார்.

வியாழக்கிழமை பிரான்சிஸ்காவுக்கு ஊருக்குள் நடந்து போகிற வேலைதான். மறுநாள் பெரிய வெள்ளி. ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள் என்பதால் அன்று எங்கள் ஊரில் சுத்தியலோ கத்தியோ தொடமாட்டார்கள், மீன்கூட அரிவதில்லை. காலையில் எழுந்ததும் சில்லை ஒருமுறை சுழற்றிப் பார்ப்பது யாகப்பரின் பழக்கம். அன்று இரும்பில் கைவைக்கக் கூடாது என்று சைக்கிளுக்குக் கிட்டவே போகவில்லை. போயிருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். 

கோவிலில் ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ் நடந்துகொண்டிருந்தபோது சனூனின் தம்பி பாயிஸ் வாசலில் வந்து நின்றான். ஓட்டமும் நடையுமாக வந்தவனுக்குப் பேச மூச்சு இல்லை. "மருத்துவிச்சி அம்மா, சரீபா ராத்தாவுக்கு வலி வந்திட்டு. உம்மு குல்சூம் கையோட கூட்டிவரச் சொன்னா."

பிரான்சிஸ்கா பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி மிதித்தார். பெடல் சுற்றியது, சில்லு சுற்றவில்லை.

மிதிக்கும்போது சில்லைப் பிடித்து இழுப்பது பிரீவீலின் வேலை. அதற்குள் நெல்மணி போல இரண்டு சிறிய இரும்பு நாக்குகள் உண்டு. அவை எழும்பிப் பல்லைக் கவ்வினால்தான் சைக்கிள் நகரும். குங்கிலிய எண்ணெய் இறுகி அந்த நாக்குகளை அமர்ந்த இடத்திலேயே ஒட்டிவிட்டிருந்தது. யாகப்பருக்கு நாக்கும் பல்லும் தெரியாது. ஆனால் பெடல் வெறுமனே சுற்றியதும், செயினில் மெழுகு போல இறுகியிருந்ததைக் கண்டதும், என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

ஊரிலிருந்த மற்றச் சைக்கிள் தபால்காரருடையது, அவர் பெருநாளுக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. வண்டி மாடுகள் அவிழ்த்துவிட்டபடி எங்கேயோ மேய்ந்தன. பிரான்சிஸ்கா பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"இறங்கி நடந்தா எப்ப போய்ச் சேருறது? ஏறும், பிரான்சிஸ்கா. கான்டிலைப் பிடியும். நான் தள்ளுறன்" என்றார் யாகப்பர்.

அந்த வெயிலில், அந்த மணல் பாதையில், மனைவியைச் சைக்கிளில் இருத்தி இருக்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு அவர் ஓடினார். செருப்பில்லாத கால். சில்லுகளும் இறுகியே சுற்றின. பாயிஸ் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு முடியாமல் பின்தங்கினான். வழியில் தோட்டவெளி என்ற ஊரின் ஆட்கள் இது என்ன கூத்து என்று பார்த்தார்கள். யாகப்பர் யாரையும் பார்க்கவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினாராம். பிரான்சிஸ்கா பின்னால் திரும்பாமலே அழுதுகொண்டிருந்தார்.

எருக்கலம்பிட்டியில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போதே பெண்களின் அழுகை கேட்டது. உம்மு குல்சூம் வேலிப் படலையடிக்கு வந்தார். கை முழங்கை வரை இரத்தம்.

"பிள்ளை இருக்குது மகள். பொம்புளப் பிள்ளை. தாய் போயிட்டா. இரத்தம் நிக்கவே இல்லை. உங்கட பை வருமெண்டுதான் நான் பாத்துக்கொண்டே இருந்தனான்."

பிரான்சிஸ்கா உள்ளே போனார். யாகப்பர் வேலியோரத்து வேம்பின் கீழ் விழுந்து கிடந்தார். அப்போது வீட்டிலிருந்து ஒருவர் செம்பில் தண்ணீரோடு வந்தார். அவர் சனூன். மனைவி மவுத்தாகிச் சற்று நேரமே ஆன மனிதர். யாகப்பரின் வெடித்த பாதங்களைப் பார்த்தார். தானே குனிந்து அந்தக் கால்களில் தண்ணீர் ஊற்றினார்.

"அண்ணை, எங்களுக்காக இந்த வெயிலில இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்களே. இதை நான் மறக்கமாட்டன்" என்றார்.

யாகப்பர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

திரும்பி வரும்போது இருவரும் நடந்தார்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு. ஊர் எல்லை வந்ததும் பிரான்சிஸ்கா நின்றார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சைக்கிள் பழுதெண்டு மட்டும் இருக்கட்டும். எங்கட கையாலதான் இது நடந்ததெண்டு தெரிஞ்சா அந்த ஊரில இனி ஒரு வீட்டிலயும் என்னைக் கூப்பிட மாட்டினம். அதால இன்னும் எத்தனை சரீபா போவினமோ." யாகப்பர் ஓம் என்று தலையாட்டினார். பிரான்சிஸ்கா சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் யாகப்பர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போனார். அங்கே ரயில் எஞ்சின் திருத்துகிற வின்சன்ட் என்பவர் பிரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். கறுத்த பிசின் பாளம் பாளமாக உரிந்து வந்தது. "பூசினது பிழையில்லை, பூசின இடம்தான் பிழை" என்றார் வின்சன்ட். "அசையாத இரும்புக்குத் தடிச்ச எண்ணெய் நல்லது, கறள் வராது. சுத்துற இரும்புக்கு அது விலங்கு. அதுக்கு மெல்லிய எண்ணெய்தான், அதுவும் கொஞ்சமா." எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஒரு போத்தல் கொடுத்தார். அதன் பிறகு மாதம் தவறாமல் யாகப்பர் மீன் கொண்டுபோய்க் கொடுத்து எண்ணெய் வாங்கி வந்தார். வள்ளத்து எண்ணெய்ச் சட்டி சைக்கிள் நிற்கும் பக்கம் வர விடமாட்டார். இரவில் கடலுக்குப் போகும் தொழிலையும் விட்டுவிட்டார். வீட்டில் வருமானம் குறைந்தது. மாலையில் சைக்கிள் வரும்போது தான் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஊர் அதற்குத்தான் சிரித்தது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். தெரியாமல் செய்தது பாவமில்லை, மனதைப் போட்டு வருத்தாதே என்று சாமியார் சொன்னார். யாகப்பர் கோவிலை விட்டு வெளியே வந்தபோது பாரம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. போனது சனூனின் மனைவி, மன்னிக்க வேண்டியவர் சாமியார் இல்லையே.

சனூன் அவரைச் சும்மா விடவுமில்லை. பெருநாள்தோறும் சாப்பாடு அனுப்பினார். மன்னார்ச் சந்தையில் கண்டால் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடித்து, "இந்த அண்ணைதான் அண்டைக்கு ஓடி வந்தவர்" என்று அறிமுகப்படுத்துவார். யாகப்பருக்கு அந்தச் சாப்பாடு இறங்காது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். சனூன் பிறகு சரீபாவின் தங்கை நசீறாவையே மணந்துகொண்டார். தாயில்லாப் பிள்ளைக்கு றாபியா என்று பெயர். ஒருநாள் சனூன் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேசாலைக்கே வந்து, "பெரியப்பாட்டப் போ" என்று யாகப்பரின் மடியில் இருத்தினார். பிள்ளை அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அன்றைக்குத்தான் யாகப்பர் உடைந்தார்.

அடுத்த நாள் எருக்கலம்பிட்டிக்கு நடந்து போனார். சனூன் கரையில் தோணியின் நிழலில் இருந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். யாகப்பர் உட்காரவில்லை. புதன்கிழமை மீந்த எண்ணெயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பிரான்சிஸ்கா சொல்லவேண்டாம் என்றதையும் மறைக்கவில்லை. "நான் ஓடினது உங்களுக்காக இல்லை தம்பி. என்ர பிழைக்குப் பின்னால ஓடினனான்" என்று முடித்தார்.

சனூனின் கை நின்றது. கயிற்றை மணலில் வைத்தார். பிறகு சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"இதை ஏன் அண்ணை எனக்குச் சொன்னீங்க? இவ்வளவு நாளும் இது அல்லாஹ் எழுதினதெண்டு நான் சபூர் செஞ்சு, பொறுத்து இருந்தனான். அந்த நினைப்புத்தான் எனக்கு நித்திரை தந்தது. இப்ப நீங்க உங்கட பாரத்தை இறக்கி என்ர தலையில வைச்சிட்டீங்க. இனி நான் அவவை நினைக்கிற நேரமெல்லாம் உங்கட எண்ணெய்ச் சட்டியையும் நினைக்கவேணும்."

யாகப்பர் வந்த வழியே திரும்பி நடந்தார்.  உண்மை சொல்வது நல்லது என்று சின்ன வயதில் படித்திருக்கிறோம், அது யாருக்கு நல்லது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிரான்சிஸ்கா கோபத்தில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். இனி எருக்கலம்பிட்டியிலிருந்து ஆள் வராது என்று இருவரும் காத்திருந்தார்கள். ஆனால் ஆள் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. சனூன் அந்தக் கதையை யாரிடமும் விடவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பெருநாள் சாப்பாடு மட்டும் வரவில்லை. சந்தையில் கண்டால் சனூன் மற்றப் பக்கத்தால் போனார். யாகப்பர் அதைத் தனக்குரியது என்று ஏற்றுக்கொண்டார்.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று கதை அடிபட்ட காலம். ஒரு காலை வேளை படலையடியில் சனூன் வந்து நின்றார். தம்பியை அனுப்பவில்லை, தானே வந்திருந்தார். நசீறாவுக்கு வலி. அக்காளைக் கொண்டுபோன அதே அறையில் தங்கை கிடந்தாள்.

பிரான்சிஸ்கா பையை எடுக்க உள்ளே ஓடினார். யாகப்பர் சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். சனூன் அவரைப் பார்க்கவில்லை. நேரே சைக்கிளிடம் போய், ஒரு கையால் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் பெடலைச் சுற்றினார். சில்லு சத்தமில்லாமல் சுழன்றது. அது தானாக ஓய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் சுற்றினார். செயினைத் தொட்டு விரலை மணந்து பார்த்தார். யாகப்பர் இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, பிழை பிடிபட்ட மனிதனைப் போல நின்றார். அந்த நேரம் என் உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

"ஏறுங்கோ அக்கா" என்றார் சனூன்.

பிரான்சிஸ்கா போன பிறகு சனூனும் பின்னாலேயே விரைந்துவிட்டார். யாகப்பர் அன்று முழுதும் சாப்பிடவில்லை. கடலுக்கும் போகவில்லை. படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொழுது சாயும் வேளையில் மணிச் சத்தம் கேட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"தாயும் பிள்ளையும் சுகம்" என்றார் பிரான்சிஸ்கா. "பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் உடைச்சுக்கொண்டு வந்தது. மருந்து கையோட இருந்தபடியால் நிண்டது. கொஞ்சம் பிந்தியிருந்தா இவவும் போயிருப்பா."

யாகப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். கேட்க மனமில்லாமல் கேட்டார்.

"சனூன் ஏதும் சொன்னவரோ?"

"ஓம். நான் வெளிக்கிடேக்கை படலை மட்டும் கூட வந்தவர். இனிமேல் கூப்பிட வந்தா சில்லைத் தூக்கிப் பாக்கமாட்டாராம். அதை உங்களிட்டச் சொல்லச் சொன்னவர்."

யாகப்பர் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து, வேலிக்கு அப்பால் ஆட்கள் போய்வருவதையும் பாராமல், வாய்விட்டு அழுதார்.